ஃபெஸ் நகரில் வழி கேட்ட கதை

மொராக்கோவின் ஃபெஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலையே நானும் அம்மாவும் தொலைந்துபோனோம். கிளம்பும் முன் நான் படித்த பயணக் குறிப்புகள் எல்லாம், அந்தப் பழைய நகரில் தொலைவதே ஓர் இன்பம் என்று எழுதியிருந்தன. எழுதியவர்கள் யாரும் முட்டி வலியுள்ள 68 வயது அம்மாவோடு, நவம்பர் தூறலில், வழுக்கும் கல் சந்தில், சார்ஜ் தீரப்போகும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள்.

போன் வரைபடத்தில் எங்களைக் காட்டும் நீலப்புள்ளி ஒரு வீட்டு மாடியிலிருந்து இன்னொரு வீட்டு மாடிக்குத் தாவிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மூன்று மாடி உயரத்துக்குச் சுவர். நடுவே இரண்டு பேர் ஒதுங்கிப் போகும் அகலம். வானம் மேலே ஒரு கோடாகத் தெரிந்தது. அப்போது ஒரு பையன் வந்தான், பதினான்கு பதினைந்து வயது இருக்கும். நாங்கள் நுழையப்போன சந்துப் பக்கம் கையைக் காட்டி "மஸ்தூத், மஸ்தூத்" என்றான். அடைப்பாம். அந்தப் பக்கம் வெறும் வீடுகள்தான், என்னோடு வாருங்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான். "சின்னப் பையன்தானே, வா போவோம்" என்றார் அம்மா.

போனோம். ஏறினோம், இறங்கினோம், ஒரு குழாயடியைச் சுற்றினோம், மறுபடி ஏறினோம். கால் மணி நேரம் கழித்து விடுதி வாசலில் நிறுத்தி 100 திர்ஹம் கேட்டான். நாங்கள் போனபோது ஒரு திர்ஹம் எட்டொன்பது ரூபாய். பேசிப் பேசி 20 கொடுத்தேன். அவன் முகம் கோணிக்கொண்டு போனான். அம்மாவுக்கு அன்று இரவு முழுக்க மனசு சரியில்லை. காலையில் பார்த்தால், அவன் அடைப்பு என்று சொன்ன அந்தச் சந்தின் மறுமுனையில்தான் எங்கள் விடுதி இருந்தது. ஐம்பதடி தூரம்.

மறுநாள் விடுதிக்காரர் மூலமாக, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு ஏற்பாடு செய்துகொண்டோம். 350 திர்ஹம் என்று முன்னாலேயே பேசி முடித்தோம். கழுத்தில் அடையாள அட்டை, ஐம்பது வயது, நிதானமான மனிதர். அம்மாவை அவர் "ஹாஜ்ஜா" என்றே கூப்பிட்டார். மெக்கா போய் வந்தவர்களுக்கான பட்டம்தான், ஆனால் அந்த ஊரில் வயதான பெண்கள் எல்லோரையும் மரியாதைக்கு அப்படி அழைக்கிறார்கள். அம்மா அவரைத் "தம்பி" என்றார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. என்னைவிட அவர்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போனது.

முதல் நாள் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல புத்தி. "உங்களைத் தேடி நடந்து வருகிறவரிடம் வழி கேட்காதீர்கள். உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்." கடையில் உட்கார்ந்திருப்பவர் கடையை விட்டுவிட்டு நம்மோடு வர முடியாது. அதனால் கையைக் காட்டி இடமா வலமா என்று சொல்வதோடு சரி. நடந்து வருகிறவருக்கு நாம்தான் அன்றைய வியாபாரம். அதற்குப் பிறகு இருந்த நான்கு நாளும் ரொட்டி விற்கும் பாட்டி, செருப்புத் தைப்பவர், சாவி வெட்டுபவர் என்று உட்கார்ந்திருந்த யாரைக் கேட்டாலும் ஒருவர்கூடத் தவறான வழி காட்டவில்லை, காசும் கேட்கவில்லை.

இரண்டாவதாக அவர் சொன்னது சரிவைப் பற்றி. ஃபெஸ் எல் பாலி என்னும் பழைய நகரம் ஒரு கிண்ணம் மாதிரி. மேற்கே உயரத்தில் பூஜ்லூத் வாசல். அங்கிருந்து நகரம் ஆற்றை நோக்கி இறங்குகிறது. வெளிப்பக்கம் நீல ஓடும் உள்பக்கம் பச்சை ஓடும் பதித்த அந்த வாசலைப் படம் எடுக்காதவர்கள் கிடையாது. பழமையானது என்று நினைத்துவிடுவார்கள், 1913-இல் கட்டியது. அதற்குள் நுழைந்ததும் இரண்டு முக்கியத் தெருக்கள் பிரிகின்றன: தலா கெபிரா, தலா ஸ்கீரா. பெரிய ஏற்றம், சின்ன ஏற்றம் என்று பொருள். பெயரிலேயே வழி இருக்கிறது. தொலைந்தால் பயப்பட வேண்டாம். கால் இறங்கிக்கொண்டே போனால் கராவியீன் பள்ளிவாசல் பக்கமோ ரசீஃப் சதுக்கத்துக்கோ போய்ச் சேர்வோம். ஏறிக்கொண்டே போனால் பூஜ்லூத். 9,000-க்கும் மேற்பட்ட சந்துகள் இருப்பதாகச் சொல்லும் ஊரில் இந்த ஒரு கணக்கு போதும். "தெர்ப்" என்று பெயர் தொடங்கும் சந்துகள் மட்டும் பெரும்பாலும் முட்டுச்சந்துகள்; யார் வீட்டு வாசலிலாவது கொண்டுபோய் நிறுத்தும்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு இதிலேயே இன்னொரு வழி இருக்கிறது. பூஜ்லூத்தில் தொடங்கி இறங்கியபடியே பார்த்துக்கொண்டு வந்து, ரசீஃப் சதுக்கத்தில் முடியுங்கள். அங்கே வண்டி வரும். திரும்ப ஏற வேண்டாம், டாக்ஸி பிடித்து மேலே போய்விடலாம். முதல் நாள் இது தெரியாமல் அம்மாவை ஏற வைத்துவிட்டேன்.

பழைய நகரத்துக்குள் கார் கிடையாது, சந்துகளில் நுழையவும் முடியாது. சமையல் எரிவாயு உருளை, சிமெண்ட் மூட்டை, குளிர்பானப் பெட்டி, பச்சைத் தோல், எல்லாம் கழுதைமேலும் கோவேறு கழுதைமேலும்தான். பின்னாலிருந்து "பாலாக்!" என்று சத்தம் வந்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் சுவரோடு ஒட்டிவிட வேண்டும். நம் ஊர் "ஓரம் போ" தான். அம்மா முதல் நாள் புடவை கட்டிக்கொண்டு வந்தார். ஈரத்தோல் ஏற்றிய கழுதை ஒன்று முந்தானையை உரசிக்கொண்டு போனது. இரண்டாம் நாளிலிருந்து சல்வார். பெண்களுக்கு அந்த ஊரில் சல்வாரைவிடப் பொருத்தமான உடை இல்லை. தோளும் முழங்காலும் மூடும், யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள், படியேறத் தடுக்காது. செருப்பு வேண்டாம். நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள், மழைநாளில் அந்தக் கற்கள் எண்ணெய் தடவியது போல வழுக்கும்.

தோல் பதனிடும் ஷுவாரா தொட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபெஸ் போகிற எல்லோரும் பார்ப்பது அதைத்தான். எல்லோரும் ஏமாறுவதும் அதைச் சுற்றித்தான். தொட்டிகளை நேரே போய்ப் பார்ப்பதற்கு வழி இல்லை. சுற்றியுள்ள தோல்கடைகளின் மொட்டைமாடியிலிருந்துதான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை என்பார்கள். இறங்கும்போது கடை வழியாகத்தான் இறங்க வேண்டும், அங்கேதான் கட்டணம். வெளியே நிற்கும் பையன்கள் "இன்றைக்கு மட்டும்தான் திறந்திருக்கும்", "இன்றைக்கு மட்டும் சாயம் போடுகிறார்கள்" என்று சொல்வார்கள். நாங்கள் இருந்த ஐந்து நாளும் இன்றைக்கு மட்டும்தான்.

மாடிக்குப் போகும் வாசலில் ஆளுக்கொரு புதினாக் கொத்து கொடுத்தார்கள், மூக்கில் வைத்துக்கொள்ள. அம்மா வாங்கவில்லை. கடைக்காரர் வற்புறுத்தினார். அம்மா என்னிடம் சொன்னார்: "வேணாம்னு சொல்லு. இந்த வாசனையோடதான் உங்கப்பா இருபத்தஞ்சு வருஷம் வீட்டுக்கு வந்தார்."

அப்பா வாணியம்பாடியில் ஒரு டேனரியில் கணக்கு எழுதினார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு குரோம் என்னும் ரசாயனம் வந்தது, அதன் பின் பாலாறு என்ன ஆனது என்பது வேறு கதை. அதனால் மாடியில் நின்று கீழே பார்த்தபோது மற்ற பயணிகள் வண்ணத்தட்டு மாதிரி இருக்கிறது என்று வியந்துகொண்டிருக்க, அம்மா வெள்ளைத் தொட்டிகளையே பார்த்தார். "அது சுண்ணாம்புக் குழி. முடி போக ஊறப்போடறது." வழிகாட்டி அதையேதான் சொன்னார். சுண்ணாம்பு, அதோடு புறா எச்சம். எச்சத்தில் இருக்கும் அமோனியா தோலை மிருதுவாக்குமாம். பல நாள் ஊறிய பிறகுதான் வண்ணத் தொட்டிக்குப் போகும். தொடை ஆழத்துக்கு இறங்கி, காலால் மிதித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுப்பவர்கள் நிறைய. நானும் ஒன்று எடுத்துவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டேன். மேலிருந்து ஒரு கூட்டம் தினமும் வந்து நம் வேலையை மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அப்பாவை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

கடைக்காரர் சிவப்புக்குப் பாப்பி மலர், நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குக் குங்குமப்பூ என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். குங்குமப்பூ என்றதும் அம்மா சிரித்துவிட்டார். "பிரியாணிக்கே நாலு இழைதான் போடறோம்."

தோல் வாங்க ஆசையிருந்தால் அம்மா செய்ததைச் செய்யுங்கள். பையை முதலில் முகர்ந்து பார்த்தார். நன்றாகப் பதனிட்ட தோலில் தோல் வாசனை வரும். அழுகல் வாடை வந்தால் வேலை அரைகுறை, வீட்டுக்குக் கொண்டுபோனாலும் போகாது. அப்புறம் கைக்குட்டை நுனியை ஈரமாக்கி உள்ளே ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்தார். சாயம் ஒட்டியது, அந்தப் பையை வைத்துவிட்டார். மூன்றாவது பையில் ஒட்டவில்லை. அதன் விளிம்பில் வெட்டுவாய் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். நாரோடு இருந்தால் தோல், ஒட்டு ஒட்டாக அடுக்கு தெரிந்தால் சந்தேகம். கடைசியாகத் தோளில் மாட்டும் வாரைத் தன் பலமெல்லாம் கொடுத்து இழுத்தார். கடைக்காரர் லைட்டரைப் பற்ற வைத்துத் தோலில் காட்டி "எரியவில்லை பாருங்கள்" என்றார். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் தரம் ஒன்றும் தெரியாது.

விலை 900 என்று தொடங்கினார். எனக்குப் பேரம் பேச வராது, வெட்கம். அம்மாவுக்கு வரும். 300 என்று விரலைக் காட்டினார். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். தேநீர் வந்தது. அம்மா தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார். 700. அம்மா என் தோளில் கை வைத்துப் படியில் ஒரு கால் இறங்கினார். 550. இன்னொரு கால். கடைசியில் 430-க்கு முடிந்தது. அதுவும் கொஞ்சம் அதிகம் என்று வழிகாட்டியின் முகம் சொன்னது. அவர் வாயைத் திறக்கவில்லை. இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: வழிகாட்டி நம்மைக் கூட்டிக்கொண்டு போகும் கடையில், விற்கும் பொருளில் அவருக்கும் பங்கு உண்டு. நல்ல வழிகாட்டியும் இதற்கு விலக்கில்லை, அவர்களுக்கு அதுவும் வருமானம்தான். வாங்க விருப்பமில்லையென்றால் காலையிலேயே "கடை வேண்டாம், ஊரை மட்டும் காட்டுங்கள்" என்று சொல்லிவிடலாம். நாங்கள் சொல்லவில்லை; கம்பளக் கடை ஒன்றில் ஒரு மணி நேரம் போனது. முப்பது கம்பளம் விரித்தார்கள், விரித்தவர்களுக்காக மனம் இளகி வாங்கிவிடக் கூடாது. விரிப்பது அவர்கள் வேலை. பிடிக்காத பொருளுக்கு விலை மட்டும் சொல்லாதீர்கள், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாலும் அவர்கள் ஒப்புக்கொண்டால் வாங்கியாக வேண்டும். அதுதான் அங்கே நாணயம்.

சாப்பாடு. சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஃபெஸ் சிரமம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பாதி உண்மை. "ஏழு காய் குஸ்குஸ்" என்று பட்டியலில் இருக்கும், குஸ்குஸ் என்பது ஆவியில் வேக வைத்த கோதுமை ரவை. காய் ஏழும் உண்மைதான், ஆனால் இறைச்சி வேகும் சாற்றில்தான் அவையும் வெந்திருக்கும். "சைவம்" என்று கேட்டால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். ஹரீரா என்னும் சூப்பும் அப்படித்தான், அதிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். "ப்லா ல்ஹம்" என்றால் இறைச்சி இல்லாமல். அதோடு நிறுத்தாமல் சாறு பற்றியும் கேளுங்கள். தங்கும் விடுதியில் காலையிலேயே சொல்லிவிட்டால் இரவுக்குத் தனியாகச் சமைத்துத் தருவார்கள். எங்கள் விடுதிச் சமையல்காரம்மா கத்தரிக்காயைச் சுட்டு மசித்துத் தக்காளியும் பூண்டும் சேர்த்துச் செய்த ஸாலூக்கை அம்மா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நம் கத்தரிக்காய்க் கொத்சுவுக்குத் தங்கை.

ஆனால் எங்களைக் காப்பாற்றியது பிசாரா. காய்ந்த பெரிய அவரையை வேக வைத்துக் கடைந்த கெட்டிப் பருப்பு. மேலே ஆலிவ் எண்ணெய், சீரகத் தூள், காரம் வேண்டுமென்றால் மிளகாய்த் தூள். தலா கெபிராவில் பெயர்ப்பலகைகூட இல்லாத கடைகளில் காலையில் பெரிய பானையிலிருந்து ஊற்றித் தருவார்கள். நாங்கள் போனபோது கிண்ணம் 10 திர்ஹம், ரொட்டி கூடவே. அம்மா கொண்டுவந்திருந்த பருப்புப் பொடிக்கு வேலையே இல்லாமல் போனது. அப்புறம் ம்செமென், மாவை இழுத்து மடித்துத் தட்டிச் சுடுவது. வாணியம்பாடிக்காரர்களுக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை, பரோட்டாவின் உறவு. பஃரீர் என்னும் ரவை அப்பம், மேலே ஆயிரம் கண், தேன் ஊற்றித் தருவார்கள். புதினாத் தேநீரில் சர்க்கரை குறைத்துப் போடச் சொல்லிப் பாருங்கள், குறைத்த பிறகும் பாயசம் போலத்தான் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் போடும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், பானையிலேயே கலந்துவிடுவார்கள்.

காலை நடையில் பலகையில் மாவு உருண்டைகளை வைத்துத் துணி மூடி எடுத்துக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். வீட்டில் பிசைந்த ரொட்டியைத் தெருவின் பொது அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கிப் போகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பள்ளிவாசல், ஒரு குர்ஆன் பள்ளி, ஒரு குழாயடி, ஒரு ஹம்மாம் குளியலறை, ஓர் அடுப்பு இருக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. ஹம்மாமுக்கும் அடுப்புக்கும் ஒரே நெருப்பு என்று சில இடங்களில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். அம்மா ஒரு அடுப்பின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். யார் ரொட்டி எது என்று சுடுகிறவனுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. தெரிகிறது, அவ்வளவுதான்.

பள்ளிவாசல்களைப் பற்றி முன்னாலேயே தெரிந்துகொண்டு போங்கள். மொராக்கோவில் ஓரிரு விதிவிலக்குகள் தவிர, முஸ்லிம் அல்லாதவர்கள் பள்ளிவாசலுக்குள் போக முடியாது. கராவியீனை வாசலில் நின்றுதான் பார்த்தோம். 859-இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் தன் சொத்தைப் போட்டுக் கட்டத் தொடங்கியது என்பது மரபு. உலகில் இடைவிடாமல் நடந்துவரும் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. அதன் நூலகத்தைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷாவுனியும் ஒரு பெண், ஃபெஸ்ஸில் பிறந்தவர். வாசல் திறந்திருக்கும் நேரத்தில் முற்றமும் நீரூற்றும் தெரியும். ஓரமாக நில்லுங்கள், தொழுகைக்குப் போகிறவர்கள் வழியில் நின்று படம் எடுக்காதீர்கள். ஊரை உருவாக்கிய அரசர்களில் ஒருவரான மௌலாய் இத்ரிஸின் அடக்கத்தலத்துக்குப் போகும் சந்துகளில் குறுக்கே மரத்தடி போட்டிருக்கும். கழுதைகளைத் தடுக்க வைத்தது, குனிந்துதான் போக வேண்டும். எங்களை யாரும் தடுக்கவில்லை, வாசல் வரை போய்த் திரும்பினோம்.

உள்ளே போகக்கூடியவை மதரஸாக்கள். பழைய கல்விச்சாலைகள். பூ இனானியா, அத்தாரின் இரண்டுக்கும் ஆளுக்கு 20 திர்ஹம் கொடுத்தோம். காலைக் கூட்டம் வரும் முன்னால் போனால் முற்றம் முழுவதும் நமக்குத்தான். கீழே ஓட்டுத்துண்டுகளால் ஆன ஜெல்லிஜ், அதற்கு மேல் செதுக்கிய சுண்ணச்சாந்து, அதற்கும் மேல் தேவதாரு மரம், இப்படி அடுக்கடுக்காகக் கண் மேலே போகும்.

பூ இனானியாவில் எனக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. அதைக் கட்டிய சுல்தான் அபூ இனான்தான், ஊர் சுற்றித் திரும்பிய பயணி இப்னு பதூதாவின் அனுபவங்களை எழுதி வைக்க ஆணையிட்டவர். 1355-இல், இதே ஃபெஸ்ஸில், இப்னு ஜுஸை என்ற எழுத்தர் எழுதி முடித்தார். அதில் மதுரை வருகிறது. அப்போது அங்கே ஆண்ட சுல்தான் இப்னு பதூதாவுக்கு மனைவி வழியில் உறவு. இவர் போனபோது ஊரில் கொள்ளைநோய், மக்கள் மடிந்துகொண்டிருந்தார்கள், கடைசியில் சுல்தானும் இறந்தார். இலங்கையில் சிவனொளிபாத மலை ஏறியதும் அதில் இருக்கிறது. முற்றத்துப் படியில் உட்கார வைத்து அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "மதுரையைப் பத்தி இவ்வளவு தூரத்துல எழுதி வெச்சிருக்காங்களா" என்றார். அப்புறம், "நோயை மட்டும்தான் எழுதினாரா?" இல்லை அம்மா, வேறும் எழுதியிருக்கிறார் என்றேன்.

எதிரே தெருவில் தலையை உயர்த்திப் பார்த்தால் மரத்தாலான நீட்சிகளும் பன்னிரண்டு பதின்மூன்று சின்ன ஜன்னல்களும் தெரியும். 1357-இன் நீர்க்கடிகாரம். எப்படி ஓடியது என்பது இன்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. பல பேர் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

வந்து சேரும் வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகக் காசாபிளாங்கா, அங்கிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். ரயிலில் எதிர் இருக்கையில் கோட் போட்ட ஒரு பெரியவர். நாங்கள் இந்தியா என்றதும் ஷாருக் கான் என்றார். அது அங்கே வாழ்த்துச் சொல். ஐந்து நாளில் நூறு முறை கேட்பீர்கள், சிரித்து வையுங்கள். தமிழ் என்று விளக்கப் போனால் அரை நாள் போய்விடும். மகளைப் பற்றிப் பேசினார், அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். ஃபெஸ் வர அரை மணி இருக்கும்போது, தன் ஒன்றுவிட்ட தம்பி வழிகாட்டி என்றும் ஸ்டேஷனுக்கே வரச் சொல்கிறேன் என்றும் போனை எடுத்தார். நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். ஆனால் இது அந்தத் தடத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. "எங்களை அழைத்துப்போக ஆள் வருகிறார்" என்ற ஒரே வரி போதும். நான் சொன்னேன், அவர் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு ஆரஞ்சு கொடுத்தார்.

ஊருக்குள் ஓடும் சின்ன டாக்ஸி சிவப்பு நிறம், மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். மீட்டர் உண்டு. ஏறும் முன் "கோந்தர்" என்று மீட்டரைக் காட்டிக் கேளுங்கள். ஸ்டேஷன் வாசலில் நின்றவர் 60 கேட்டார். நூறடி நடந்து தெருவில் போன வண்டியை நிறுத்தினோம், மீட்டரில் 14 ஆனது. இரவு எட்டு மணிக்கு மேல் பாதி கூடுதல், அது சட்டப்படியானது, சண்டை போடாதீர்கள். டாக்ஸி பழைய நகரத்தின் வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து பெட்டியைக் கைவண்டிக்காரர் தள்ளிக்கொண்டு வருவார், விடுதியில் முன்னாலேயே சொல்லிவைத்தால் ஆள் அனுப்புவார்கள். இதற்குக் கொடுக்கும் 20, 30 திர்ஹத்தை மிச்சம் பிடிக்க நினைத்ததால்தான் எங்களுக்கு அந்த முதல் மாலை.

விடுதி என்பது நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு. அழகுதான். ஆனால் படிகள் செங்குத்து, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். பெரியவர்களோடு போனால் கீழ்த்தள அறைதான் வேண்டுமென்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். நவம்பரிலேயே இரவில் குளிர்ந்தது. ஓடு பதித்த அறை, சூடு நிற்காது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. வசந்தமோ, எங்களைப் போல இலையுதிர் காலமோ நல்லது.

தெருவின் ஹம்மாமுக்கு ஒரு நாள் போனோம். பெண்களுக்கு ஒரு நேரம், ஆண்களுக்கு ஒரு நேரம். கறுப்பு சோப்பும் கேஸா என்னும் சொரசொர கையுறையும் கடையில் வாங்கிக்கொண்டு, மாற்று உள்ளாடையும் துண்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தேய்த்துவிடும் அம்மாளுக்குத் தனியாகக் காசு. அவர் என்னைத் தேய்த்த தேய்ப்பில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய் தேய்த்த பாட்டி நினைவுக்கு வந்தார். முட்டி வலிக்கு நல்லது என்று அம்மா மறுநாளும் போனார், நான் போகவில்லை.

மாலையில் மரினித் அரச வம்சத்தின் கல்லறைகள் இருக்கும் மேட்டுக்குப் போய் ஊரை மேலிருந்து பாருங்கள். ஒரு பள்ளிவாசலில் தொடங்கும் பாங்கு ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு ஊர் முழுவதும் எழும். ஆனால் டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள், இருட்டிய பிறகு அங்கே இருக்கவோ நடந்து இறங்கவோ வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். எங்களுக்கு அதுதான் மிகவும் பிடித்த நாள். சந்துகளில் பூனைகளும் குஸ்குஸ் வாசனையும் மட்டும். பொருள் வாங்குவதை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், டிக்கெட் போடும் முன்னால் பார்த்துவிடுங்கள். டிரோன் கொண்டுபோனால் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சில்லறை எப்போதும் பையில் இருக்கட்டும், 200 திர்ஹம் நோட்டை நீட்டினால் பிசாரா கடைக்காரர் அழுதுவிடுவார். திர்ஹத்தை நாட்டுக்கு வெளியே மாற்றுவது கடினம். மிச்சத்தை விமான நிலையத்திலேயே மாற்றிவிடுங்கள், பணம் மாற்றிய ரசீதை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். நான் தொலைத்துவிட்டேன். 240 திர்ஹம் இப்போதும் வீட்டில் இருக்கிறது.

பை என்ன ஆனது என்று கேட்பீர்கள். சாயம் போகவில்லை, தையல் விடவில்லை. வாசனை மட்டும் இரண்டு மாதம் போகவில்லை. அது இயல்புதான், நிழலில் காற்றாட மாட்டி வைத்தால் மெல்லக் குறையும் என்று அம்மா சொன்னார். நான்தான் ஊருக்கு வந்த களைப்பில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில். அடுத்து வந்த பொங்கலுக்கு எடுத்துக் கட்டிய புடவையை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதை மட்டும் துவைக்கப் போடாமல் தனியாக மடித்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார்.